டிவி இருண்டதும் ‘பேனல் போச்சு’ என்றால் உடனே காசை எடுக்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இருப்பவர்கள் கொஞ்சம் படியுங்கள். தீபாவளி நெருங்குகிறது. டிவி கெட்டுப்போனால் யாரும் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளாத சமயம் இது.

அம்மா வீட்டு 43 அங்குல எல்இடி டிவி, சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இருண்டுபோனது. சத்தம் மட்டும் வந்தது. டவுனில் ஒரு கடைக்கு அண்ணன் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. “பேனல் போச்சு அண்ணே. இது எல்இடி, ஸ்கிரீன்தான் லைட்டே. பழைய டிவி மாதிரி தனியா லைட்டு கிடையாது” என்றாராம். பேனலை, அதாவது படம் காட்டும் திரைப் பலகையை, மாற்ற 750 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்.

டிவி வந்தது, படமும் வந்தது. ஆனால் வெள்ளைச் சட்டைக்காரர் யாராவது திரையில் வந்தால் நடுவில் வட்ட வட்டமாகப் பளிச்சென்று சில புள்ளிகள். அதைவிட வேடிக்கை, அக்கா மகன் பொம்மைக் காரால் இழுத்த கீறல் இடதுபக்கக் கீழ்மூலையில் அப்படியே இருந்தது. புதுப் பேனலாம்!

ஈப்போவில் தெரிந்த ஒரு தம்பியிடம் காட்டினோம். பேனலைத் தூக்கி வைத்துவிட்டு, “இங்க பாருங்கக்கா” என்றார். அடியில் நீளப் பட்டைகளில் வரிசையாகக் குட்டி எல்இடி பல்புகள். அதுதான் ‘இல்லாத’ லைட்டு. கடையில், செத்த ஒரு பல்பின் மேல் ஈயம் வைத்து, அதைத் தாண்டி மின்சாரம் போகும்படி செய்திருக்கிறார்கள். இந்தப் பல்புகள் தொடராக இணைந்தவை. ஒன்று அறுந்தால் அந்த வரிசையே அணையும், பல டிவிகளில் பாதுகாப்புக்காக மொத்த வெளிச்சமும் நின்றுவிடும். எது செத்தது என்று கடையில் தேடியபோது பல்புகளின் மேலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் லென்ஸ் மூடிகள் சில, திரும்ப ஒட்டப்படாமல் பெட்டிக்குள் கிடந்தன. வெளிச்சத்தைப் பரப்புவது அந்த மூடிதான். பளிச் புள்ளிகளுக்குக் காரணம் புரிந்துவிட்டது. புதுப் பட்டைகளையே ஆன்லைனில் வாங்கிப் போட்டோம், சாமான் விலை நூறு வெள்ளிக்குள் அடங்கிவிட்டது.

கடைக்காரர் சொன்னது எல்இடி டிவிக்குச் சுத்தமாகப் பொருந்தாது. நாம் எல்இடி டிவி என்று வாங்குவது எல்சிடிதான். திரவப் படிகம் தானாக ஒளிராது, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை விடும் அல்லது மறைக்கும், அவ்வளவுதான். முன்பு அந்த வெளிச்சத்துக்கு மெல்லிய டியூப் லைட்டு போன்ற விளக்குகள் இருந்தன, இப்போது எல்இடி. சில மாடல்களில் பல்புகள் பின்னால் பரவியிருக்கும், சிலவற்றில் ஓரத்தில் மட்டும். கியூஎல்இடி என்று கூடுதல் விலைக்கு விற்பதற்கும் பின்னால் விளக்கு உண்டு. ஓஎல்இடிதான் வேறு ஜாதி: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், வேண்டாதபோது தானே அணையும். கடைகளிலிருந்து மறைந்துவிட்ட பிளாஸ்மாவும் தானே ஒளிரும் வகைதான். கடைக்காரர் ஓஎல்இடிக்குரிய பேச்சை எடுத்து எங்கள் டிவிக்கு ஒட்டிவிட்டார்.

வீட்டிலேயே சோதிக்கலாம். அறையை இருட்டாக்கி, டிவியைப் போட்டு, கைப்பேசி டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போல் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது. போனது பின்விளக்கு, அல்லது அதற்குக் கரண்ட் கொடுக்கும் போர்டு. பேனல் உடைந்திருந்தால் பெரும்பாலும் வெளிச்சம் இருக்கும், கோடுகளோ மை கொட்டியது போன்ற கறையோ தெரியும். ஓஎல்இடிக்கு இந்தச் சோதனை உதவாது. அப்புறம், பின்விளக்கை எப்போதும் முழு அளவில் வைக்காதீர்கள். பல்பு சீக்கிரம் சாவதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம்.

மாற்றியதாகச் சொன்ன பழைய பேனலைக் கடைக்காரரிடம் கேட்டோம். “குப்பையில போட்டாச்சு” என்றார். ரெசிட்டில் ‘பேனல் மாற்றியது’ என்று அவரே எழுதியிருக்கிறார், கீறலின் படமும் எங்களிடம் இருக்கிறது. இரண்டையும் வைத்துப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், வக்கீல் வேண்டாம். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. இதே கடையில் ‘பேனல் மாற்றியவர்கள்’ இருந்தால் ரெசிட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.