விக்கிப்பீடியாவா, சிற்றிதழா?

2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுதுவதும் அச்சில் வரும் சிற்றிதழுக்கு எழுதுவதும், ஊதியம் எதிர்பாராத உழைப்பு என்ற அளவில் ஒன்றே. மற்றபடி இரண்டும் வெவ்வேறு உலகங்கள்.

சிற்றிதழில் கட்டுரை ஆசிரியரின் மேசையைக் கடந்துவிட்டால் போதும், பிறகு அது எழுதியவரின் பெயரோடும் நடையோடும் நிற்கும். ஆனால் அந்த மேசையில் எத்தனை மாதம் கிடக்கும் என்பது யாருக்கும் தெரியாது. நான் அனுப்பிய ஒரு கட்டுரை இரண்டு ஆண்டு கழித்து வெளிவந்தபோது, அதில் குறிப்பிட்டிருந்த ஊர்க் கண்மாயின் பாதி பேருந்து நிலையமாகியிருந்தது. அச்சேறியதைத் திருத்த வழியில்லை.

விக்கிப்பீடியாவில் சேமித்த கணமே கட்டுரை வெளியாகிவிடும். அதே கண்மாயை 'மிகப் பழமையானது' என்று எழுதினால், முகமறியாத ஒருவர் வந்து 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டுப் போவார்; ஊர்ப் பெரியவர் வாய்மொழியாகச் சொன்னது அங்கே சான்றாகாது, அச்சான நூலோ கல்வெட்டுப் பதிப்போ காட்ட வேண்டும். தமிழக வழக்கா, இலங்கை வழக்கா, எந்தச் சொல்லைத் தலைப்பாக வைப்பது என்பதற்கே உரையாடல் பக்கம் நீண்டுபோவதுண்டு. கட்டற்ற உரிமத்தில் வெளியாவதால் நம் வரிகளை எவரும் மாற்றலாம், எடுத்தாளலாம். யார் எதை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகியிருப்பது ஓர் ஆறுதல். பெயர் விளங்க வேண்டும் என்று எழுதுபவருக்கு அது போதாது.

நடையழகை நாடுபவர் சிற்றிதழுக்கே போகலாம். தகவல் பிழையின்றி நிற்க வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவருக்கு விக்கிப்பீடியாவே என் பரிந்துரை, நம் பிழையை நள்ளிரவில் இன்னொருவர் திருத்தியிருப்பதைக் காலையில் பார்க்கும்போது முதலில் கோபம்தான் வரும் என்றாலும்.