கபுகி இல்லாத கபுகிச்சோ: 9500 யென் இரவு நடை தேறுமா?

வேலை விஷயமாக இரண்டு மாதம் டோக்கியோவில் இருந்தபோது, ஷின்ஜுகு பக்கம் இருக்கும் கபுகிச்சோ என்ற இரவுக் கேளிக்கைப் பேட்டையை வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் இரவு நடை ஒன்றுக்குப் பணம் கட்டிப் போனேன். இரண்டரை மணி நேரம், ஆளுக்கு 9500 யென், "இரண்டு பானங்கள் உட்பட" என்று போட்டிருந்தார்கள். அங்கே பல வருஷமாக இருக்கும் நண்பனிடம் சொன்னதும், "ஏன்டா, ஷின்ஜுகு ஸ்டேஷன்ல கிழக்கு வாசல் வழியா வெளிய வந்து கொஞ்ச தூரம் நடந்தா வர்ற இடத்துக்கு எதுக்குடா இவ்வளவு காசு?" என்று திட்டினான். அவன் சொன்னது பாதிதான் சரி. எந்தப் பாதி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடிப்பதில்லை. குடிக்காதவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் மேலே படிக்கலாம், வேலை நிறையவே இருந்தது.

யாசுகுனி சாலையைத் தாண்டினால் சிவப்பு விளக்கு வளைவு ஒன்று நிற்கும், கபுகிச்சோ என்று தேடினால் முதலில் வரும் படம் அதுதான். எல்லோரும் அதன் அடியில் போட்டோ எடுத்துக்கொண்டு நேராக உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். எங்கள் வழிகாட்டி, ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி, உள்ளே விடவே இல்லை. சாலையோரமாக எங்கள் ஒன்பது பேரையும் நிறுத்தி, பிளாஸ்டிக் உறை போட்ட பழைய வரைபடம் ஒன்றைக் கையில் கொடுத்து, "நீங்கள் நிற்பது வாத்துகள் இருந்த சதுப்பு நிலத்தின் கரையில்" என்று ஆரம்பித்தார். அந்த இடத்திலேயே எனக்குப் பாதிக் காசு தேறிவிட்டது.

இந்தப் பக்கத்தின் பழைய பெயர் த்சுனோஹாஸு. பக்கத்து ஷின்ஜுகுவுக்கு மட்டும் இரவு வாழ்க்கை பழகிய ஒன்று. 1698இல் நெடுஞ்சாலைத் தங்கல் ஊராக உருவானதிலிருந்தே சத்திரங்களும் அங்கே சாப்பாடு பரிமாறும் பெண்களும், அப்புறம் மற்றதும் என்று ஒரு சரித்திரம் உண்டு. ஆனால் கபுகிச்சோ அப்படித் தானாக முளைத்த இடம் இல்லை. 1945 குண்டுவீச்சில் எல்லாம் எரிந்து சாம்பலான பிறகு, சுசுகி கிஹெய் என்ற உள்ளூர்ப் பெரியவர் நிலக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, இங்கே குடும்பத்தோடு வந்து போகிற மாதிரி ஒரு கேளிக்கைப் பேட்டை கட்டலாம், நடுவில் கபுகி என்கிற ஜப்பானியப் பாரம்பரிய நாடகத்துக்கு அரங்கு ஒன்று வரட்டும் என்று திட்டம் போட்டார். டோக்கியோவின் நகரத் திட்ட அதிகாரி இஷிகாவா அதற்கு ஏற்ற பெயரையும் சொன்னார்: கபுகிச்சோ, அதாவது கபுகிப் பேட்டை. 1948இல் பெயர் அதிகாரபூர்வமாகிவிட்டது. அரங்குதான் வரவில்லை. போருக்குப் பிந்தைய கட்டடக் கட்டுப்பாடுகள், கையில் பணமில்லை, இப்படி ஒவ்வொன்றாக இடித்து, கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சியது. 1950இல் ஒரு பெரிய பொருட்காட்சி நடத்தி ஊரைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள், அது நஷ்டத்தில் முடிந்தது. அந்தக் காட்சிக்குக் கட்டிய கட்டடங்கள்தான் பிறகு சினிமா கொட்டகைகளாகி, ஆட்களை இழுக்க ஆரம்பித்தன. திட்டம் தோற்று, தோல்வியின் மிச்சத்திலிருந்து ஊர் பிழைத்த கதை.

இஷிகாவாவின் திட்டத்தில் ஒன்று மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது, அதை வழிகாட்டி காட்டாவிட்டால் நான் ஆயுசுக்கும் கவனித்திருக்க மாட்டேன். இங்கே தெருக்கள் பல நேராக ஓடுவதில்லை, போய் இன்னொரு தெருவில் முட்டி நிற்கும். எதிரே ஒரு கட்டடம் முகத்துக்கு நேராக நிற்க, இடமா வலமா என்று திரும்பியாக வேண்டும். வேண்டுமென்றே அப்படி அமைத்தார்களாம், நடப்பவன் கண் ஓரிடத்தில் போய் நிற்கட்டும், ஊரை விட்டு வெளியே பார்க்காமல் இருக்கட்டும் என்று. முந்தின வாரம் தனியாக வந்து நாற்பது நிமிஷம் சுற்றிச் சுற்றி அதே ராமென் நூடுல்ஸ் கடைக்கு முன்னால் வந்து நின்றதற்கு என் மந்தபுத்தி காரணம் இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

சதுக்கத்துக்கு வந்தோம். இப்போது காட்ஸில்லா தலை எட்டிப் பார்க்கும் தோஹோ கட்டடம் இருக்கும் இடத்தில்தான் 1956 முதல் 2008 கடைசி நாள் வரை கோமா அரங்கு இருந்தது. கோமா என்றால் ஜப்பானிய மொழியில் பம்பரம். மேடையே மூன்று அடுக்காகச் சுழலும், அதனால் அந்தப் பெயர். சுமார் 2000 இருக்கைகள். எங்கா என்கிற பழைய பாணி சோகப் பாட்டுப் பாடகர்களைப் பார்க்க வெளியூரிலிருந்து பாட்டிகள் பஸ் பிடித்து வருவார்களாம். அதாவது மாலையில் பாட்டிகள், இரவில் பேரன்கள். சதுக்கத்தின் நடுவில் அப்போது ஒரு நீரூற்றும் இருந்தது. வாசேதா, கெயோ பல்கலைக்கழகங்களுக்கு இடையே பேஸ்பால் ஆட்டம் நடந்த இரவுகளில் வாசேதா மாணவர்கள் வந்து அதில் குதித்துக் கும்மாளம் போடுவது வழக்கம். இப்போது ஊற்று இல்லை. ஆனால் எதிரே 2023இல் திறந்த தோக்யு கபுகிச்சோ கோபுரத்தை, 48 மாடி, 225 மீட்டர், அண்ணாந்து பார்த்தால் கண்ணாடியெல்லாம் நீர் பீறிட்டு மேலே எழும்புவது போலத்தான் இருக்கும். நீரூற்றை மனதில் வைத்துத்தான் வடிவமைத்தார்கள். அலுவலகமே இல்லாத கோபுரம், ஹோட்டல்கள், சினிமா, பாட்டுக் கச்சேரிக் கூடம், நாடக அரங்கு மட்டும். அந்த அரங்கில் 2024 மே மாதம் நிஜமான கபுகி நடந்தது என்று வழிகாட்டி சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் குறும்பு. பெயர் வைத்து 76 வருஷம் கழித்து!

ஆனால் நான் அதிக நேரம் நின்ற இடம் இது எதுவும் இல்லை. பின்னால் சின்னதாக ஒரு பூங்கா, சுற்றிலும் கட்டடங்களின் ஏசி இயந்திரங்கள் இரைந்துகொண்டிருக்க, ஓரத்தில் பென்சைத்தென் கோயில். பென்சைத்தென் யார் தெரியுமா? நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய், வீணைக்குப் பதில் பிவா என்ற தந்தி வாத்தியத்தை எடுத்துக்கொண்டு, ஆற்றுக்குரிய தெய்வம் என்ற பழைய அடையாளத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறாள், அதனால் அங்கே குளம் ஏரி இருக்கும் இடமெல்லாம் அவளுக்குக் கோயில். சதுப்பை மூடினார்கள், அம்மன் அங்கேயே இருந்துவிட்டாள். படியில் யாரோ வைத்துப்போன ஒரு கப் சாகே, அரிசி மது. பக்கத்தில் பளபளவென்று கோட்டு போட்ட ஒரு பையன் சிகரெட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு தலை குனிந்து கும்பிட்டுவிட்டு ஓடினான், வேலைக்கு நேரமாகியிருக்க வேண்டும். மதுக்கூடம், ஹோஸ்டஸ் கிளப் மாதிரித் தொழில்களை ஜப்பானியர்கள் மிசு ஷோபாய் என்பார்கள், நேராகச் சொன்னால் தண்ணீர் வியாபாரம். சதுப்பு, நீர்த் தெய்வம், நீரூற்று, தண்ணீர் வியாபாரம் என்று இவ்வளவு ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் வழிகாட்டி வெறும் மூன்று நிமிஷம்தான் ஒதுக்கினார். குறை என்று எழுதினால் இதைத்தான் முதலில் எழுதுவேன்.

பாராட்ட வேண்டிய இன்னொரு இடம் உண்டு. முதல் தெருவில் ஒரு குறுகலான கட்டடத்தின் முன் நின்று, கடைப் பலகைகளைப் பார்க்காதீர்கள், படிக்கட்டைப் பாருங்கள் என்றார். படிக்கட்டு காலியாக, ஒரு பெட்டி கூட இல்லாமல் இருந்தது. 2001 செப்டம்பர் 1 அதிகாலை, இதே தெருவில் மியோஜோ 56 என்ற கட்டடத்தில் தீப்பிடித்து 44 பேர் இறந்துபோனார்கள். ஒரே படிக்கட்டு, அதிலும் சாமான்கள் அடைத்துக் கிடந்தன. அதற்குப் பிறகுதான் தீயணைப்புச் சட்டத்தை இறுக்கினார்கள். 2002இல் போலீஸ் இந்தப் பேட்டையில் 50 கண்காணிப்பு கேமராக்களையும் மாட்டியது. கேளிக்கைச் சுற்றுலாவில் இதைச் சொல்லத் தேவையில்லை, சொன்னார். சொன்ன விதமும் நன்றாக இருந்தது, குரலை இறக்காமல், அதே நேரம் கதை சுவாரசியத்துக்காக இழுக்காமல்.

சரி, இனி குறைகள்.

ஹோஸ்ட் கிளப் தெருவில் ஆறு மாடி உயரத்துக்கு ஆண்களின் முகங்கள் ஒளிரும், முடியைப் பழுப்பாகச் சாயம் பூசி, பீங்கான் மாதிரித் தோலோடு. காசு கொடுக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிச் சிரிப்பது அவர்கள் தொழில். நிறுவனம் கொடுத்திருந்த அச்சுக் குறிப்பில் இந்த இடத்துக்கு "போட்டோ நேரம்" என்று மட்டும் இருந்தது, வழிகாட்டியும் அதற்குக் கட்டுப்பட்டவர் போல ஒதுங்கி நின்றார். கடன் கணக்கில் ஷாம்பெயின் வாங்க வைத்து, அந்தக் கடனை அடைக்கப் பெண்களை பாலியல் தொழிலில் தள்ளுவது அங்கே சில வருஷங்களாகவே பெரிய பிரச்சினை. 2025இல் சட்டத்தையே திருத்தி, காதல் உணர்வைப் பயன்படுத்திக் காசு கறப்பதைத் தடை செய்தார்கள். தோஹோ கட்டடத்துப் பக்கம் வீட்டை விட்டு வந்த சின்னப் பிள்ளைகள் கும்பலாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், தோயோகோ பிள்ளைகள் என்றே அவர்களுக்குப் பெயர் விழுந்துவிட்டது. நாங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு காட்ஸில்லாவைப் போட்டோ எடுக்கப் போனோம். படிக்கட்டைப் பற்றி அவ்வளவு அக்கறையாகப் பேசியவரை இங்கே வாயைத் திறக்க விடாதது நிறுவனத்தின் தப்பு என்றுதான் நினைக்கிறேன்.

கடைசி நிறுத்தம் கோல்டன் காய். ஆறு குறுகலான சந்துகள், 200க்கு மேல் குட்டிக் குட்டி மதுக்கூடங்கள், மரத்தாலான இரண்டு மாடி வீடுகள், ஏணி என்று சொல்லத்தக்க படிகள். போருக்குப் பின் ஸ்டேஷன் பக்கம் இருந்த கள்ளச்சந்தைக் கடைகளை அகற்றி இங்கே கொண்டுவந்து போட்டார்கள். 1958இல் விபசாரத் தடைச் சட்டம் முழுதாக அமலுக்கு வரும்வரை மாடியில் நடந்தது வேறு தொழில், அப்புறம்தான் எழுத்தாளர்கள், சினிமாக்காரர்கள் குடிக்க வரும் இடமானது. 80களில் நில விலை தாறுமாறாக ஏறியபோது இடத்தைக் காலி செய்ய வைக்கத் தீ வைப்புகூட நடந்தது, கடைக்காரர்கள் முறை போட்டு இரவுக் காவல் இருந்து காப்பாற்றினார்கள். இவ்வளவு கதை உள்ள இடத்துக்கு ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? எங்களுக்கு ஒதுக்கிய கடையில் ஏழு நாற்காலி. நானும் இன்னொருவரும் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றோம், கழிப்பறைக்கு யாராவது எழுந்தால் எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். "இரண்டு பானங்கள் உட்பட" என்றார்களே, உட்காரும் கட்டணம் அதில் சேராதாம், ஆளுக்கு 1000 யென் தனியாகக் கேட்டார்கள், நின்றவர்களுக்கும் சேர்த்து. எனக்குக் கிடைத்தது இரண்டு கிளாஸ் ஊலாங் தேநீர். ஆக ஒரு தேநீர் 500 யென், நிற்கும் வாடகை உட்பட. திரும்பி வந்து நிறுவனத்துக்கு எழுதினேன், விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. இருந்தது, பார்த்தேன், உண்மையிலேயே சிறிய எழுத்துதான்.

உட்காரும் கட்டணம் வாங்குவது தப்பு என்று சொல்லவில்லை. ஏழு பேர் உட்காரும் கடை அது இல்லாமல் எப்படி ஓடும்? பெரும்பாலான கடைகள் வாசலிலேயே தொகையை எழுதி வைத்திருக்கின்றன. எழுதியிருப்பதைப் படித்து, நீங்களும் இன்னும் ஒருவருமாக நுழைந்து, ஒன்றோ இரண்டோ குடித்துவிட்டு இடத்தை விட்டுக் கொடுத்துக் கிளம்புவதுதான் அங்கே மரியாதை. வழியில் சிரித்துக்கொண்டே கூட நடந்து வருபவர்கள் பின்னால் மட்டும் போகாதீர்கள். தெருவின் ஒலிபெருக்கிகளே இரவு முழுக்க அதைத்தான் சொல்கின்றன, ஆள் பிடிக்கிறவனை நம்பினால் பில்லில் கொள்ளை நிச்சயம் என்று. அந்த அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்க, அதன் நேர் கீழே நின்று ஒருவர் என் கையைப் பிடித்து "நல்ல கடை, விலை குறைவு" என்றார். ஒலிபெருக்கியைக் காட்டினேன். அவரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

மதிப்பெண் கேட்டால் 5க்கு 3. முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு முழு மதிப்பெண், அந்த அம்மாவுக்கு மட்டும் என்றால் அதற்கு மேலேயே தரலாம். மீதி நேரத்துக்கு என் நண்பன் சொன்னதுதான், நீங்களே நடந்து போகலாம். குடிக்காதவர்கள் பான வசதி இல்லாத, வரலாறு மட்டும் சொல்லும் நடை கிடைக்கிறதா என்று பாருங்கள், விலையும் குறையும். போகும்போது கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதை விட்டுவிட்டால் விடிய நாலரை மணி வாக்கில்தான் அடுத்த ரயில், அந்த ஊரின் பாதி வியாபாரமே அப்படி மாட்டிக்கொண்டவர்களை நம்பித்தான் நடக்கிறது.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு, காசில்லாமல், தனியாக ஒருமுறை போனேன். வளைவின் விளக்குகள் அணைந்திருந்தன, காகங்கள் குப்பைப் பைகளைக் கிழித்துக்கொண்டிருந்தன. ஒரு கடை வாசலில் கசங்கிய கோட்டோடு ஒரு பையன் ரப்பர் குழாயைப் பிடித்துத் தெருவைக் கழுவிக்கொண்டிருந்தான். கோயில் படியில் இருந்த சாகே கப் அங்கேயே இருந்தது. இப்போது காலி.