மூன்று கணினி, ஒரே கிட் களஞ்சியம்: நாலு வருடப் பழக்கம்

உப்புவெளி வீட்டில் விண்டோஸ் மேசைக்கணினி, திருகோணமலை நகரத்து அலுவலகத்தில் உபுண்டு, கொழும்புக்குப் போனால் மடிக்கணினி. கடைகளுக்கான கையிருப்பு மென்பொருள் ஒன்றை 2021 முதல் இந்த மூன்றிலும் மாறி மாறி எழுதிவருகிறேன். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவிதான் மூன்றையும் இணைக்கிறது; அந்தப் பதிவுகளின் தொகுப்பே களஞ்சியம், அதன் பொதுப் பிரதி சேவையகத்தில் இருக்கும். எழுதுவதை விட, எந்த வேலை எந்தக் கணினியில் கிடக்கிறது என்று தேடுவதே ஆரம்பத்தில் பெரிய பாடாக இருந்தது.

முதல் வருடம் கணினிக்கு ஒரு கிளை (மாற்றங்களைத் தனியாகச் சேர்த்துவரும் வரிசை) வைத்திருந்தேன்: வீடு, அலுவலகம், மடி. பார்க்க ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு கிளையிலும் நாலைந்து வேலைகள் கலந்து கிடந்ததால், பற்றுச்சீட்டுத் திருத்தத்தை மட்டும் எடுத்து வெளியிட முடியவில்லை. மூன்றையும் சேர்க்கும் நாளில் ஒரே வரியை இரு கிளைகள் வெவ்வேறாக மாற்றிய முரண்பாடுகளைத் தீர்த்தே பொழுது போனது. இப்போது கிளையின் பெயர் வேலையின் பெயர்தான். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அதே கிளைதான்.

முடியாத மாற்றங்களை ஒதுக்கிவைக்கும் ஸ்டாஷை நம்புவதை அறவே விட்டுவிட்டேன். அது அந்தக் கணினியிலேயே இருக்கும், புஷ் செய்தால் (சேவையகத்துக்கு ஏற்றினால்) கூடப் போகாது. ஒரு பொங்கல் விடுமுறை முழுக்க, அலுவலகத்தில் ஸ்டாஷ் செய்துவைத்த பாதி வேலையை நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு எழும்பிப் போகுமுன் அரைகுறையாக இருந்தாலும் ‘தற்காலிகம்’ என்று ஒரு கொமிட் (மாற்றங்களின் பதிவு) போட்டுப் புஷ் செய்துவிடுவேன். பிரதான கிளையில் சேர்க்குமுன் ரீபேஸ் செய்து (கொமிட் வரலாற்றைத் திருத்தி எழுதி) அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

ஆனால் ரீபேஸ் செய்த கிளையைத் திரும்ப ஏற்ற, சேவையகத்தில் இருப்பதை மேலெழுதும் ஃபோர்ஸ் புஷ் வேண்டும். அங்கேதான் அடிபட்டேன். என்னோடு வேலைசெய்யும் தம்பி அதே கிளையில் ஏற்றியிருந்ததைப் பார்க்காமல் ஒரு இரவு வீட்டிலிருந்து தள்ளிவிட்டேன். காலையில் அவன் கேட்டான்: “அண்ணா, என்ட ரெண்டு கொமிட்டையும் காணல்லயே?” அவனுடைய கணினியில் அவை இருந்ததால் மீண்டும் ஏற்ற முடிந்தது.

அன்றிலிருந்து, மேலெழுதுமுன் சரிபார்க்கும் ஃபோர்ஸ்-வித்-லீஸ்தான். நாம் கடைசியாகப் பார்த்த பிறகு சேவையகத்தில் யாராவது எதையாவது ஏற்றியிருந்தால் அது மறுத்துவிடும். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்தால் (சேவையகத்தின் புது மாற்றங்களை இறக்கிவைத்தால்), நாம் பார்க்காததையும் பார்த்ததாகக் கிட் எடுத்துக்கொள்ளும். கிட் 2.30 பதிப்பில் வந்த ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸையும் சேர்த்துக் கொடுத்தால் அது அடைபடும். ரீபேஸ் ஆன கிளையை அடுத்த கணினியில் திறக்கும்போதும் வெறும் புல் (இறக்கி உடனே நம் கிளையோடு சேர்ப்பது) வேண்டாம்; பழைய கொமிட்டுகளும் புதியவையும் இரட்டையாக வந்து நிற்கும். அங்கே சொந்த வேலை எதுவும் மிச்சமில்லை என்று உறுதியானால் ஃபெட்ச் செய்துவிட்டு, சேவையகக் கிளைக்கே ஹார்ட் ரீசெட் போடுவேன், அதாவது இங்கிருப்பதை விட்டுவிட்டு அதைப் போலவே ஆக்கிக்கொள்வேன்.

2022 மின்வெட்டுக் காலத்தில் கரண்டும் இல்லை, இணையமும் இல்லை. அப்போது பென்ட்ரைவில் ஒரு வெற்றுக் களஞ்சியம் (வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் உள்ளது) உருவாக்கி, அதைச் சேவையகம் போல இரண்டாவது ரிமோட்டாகச் சேர்த்தேன். புஷ், புல் எல்லாம் வழக்கம் போலவே நடந்தன. அந்த ஏப்ரலில் வந்த கிட் 2.35.2க்குப் பிறகு, கோப்பின் உரிமையாளரைப் பதியாத எக்ஸ்ஃபேட் வடிவிலான பென்ட்ரைவின் உரிமையாளர் யாரென்று தெரியவில்லை என விண்டோஸ் கிட் மறுக்கத் தொடங்கியது. நம்பலாம் என்று இடங்களைச் சொல்லிவைக்கும் சேஃப் டைரக்டரி அமைப்பில் அந்தப் பாதையைச் சேர்த்ததும் சரி. மின்வெட்டு போய்விட்டது, பென்ட்ரைவை இன்னும் பையில் வைத்திருக்கிறேன்.

விண்டோஸும் லினக்ஸும் (உபுண்டு அதில் ஒரு வகை) வரி முடிவதை வெவ்வேறு குறிகளால் காட்டும்; இரண்டும் கலந்தால் வரிமுடிவு விஷயத்தை முதல் நாளே கிட்-ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு எழுத்தும் மாற்றாத கோப்பு முழுதாக மாறியதாகக் காட்டும்.

எனக்கு இன்னும் கைகூடாதது பழைய கிளைகளைக் கழிப்பதுதான். சேவையகத்தில் அழித்தாலும் மற்ற இரண்டு கணினிகளிலும் அவை அப்படியே இருக்கும். ஃபெட்ச்சோடு ப்ரூன் (சேவையகத்தில் இல்லாத கிளைகளின் குறிப்பை நீக்குவது) சேர்த்துவிட்டு, கிளைப் பட்டியலை இரட்டை ‘வி’ (-vv) போட்டுப் பார்த்தால், அழிந்தவற்றுக்கு ‘கோன்’ (gone, போய்விட்டது) என்று குறி இருக்கும். ஸ்குவாஷ் செய்து (எல்லாக் கொமிட்டுகளையும் ஒன்றாக்கி) சேர்த்த கிளை சேர்ந்ததாகவே கிட்டுக்குத் தெரியாது; அதைச் சின்ன ‘டி’ (-d) அழிக்காது, கட்டாயமாக அழிக்கும் பெரிய ‘டி’ (-D) வேண்டும். அதனால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் அழிக்கிறேன். மடிக்கணினியில் இன்னும் ஏழு மிச்சம்.