லினக்ஸில் வட்டு நிரம்பினால்: நீக்குவதா, விரிப்பதா, இடம் மாற்றுவதா?

லினக்ஸ் கணினியில் வட்டு நிரம்பிவிட்டால் செய்யக்கூடியவை மூன்றுதான்: வேண்டாதவற்றை நீக்கி இடமெடுக்கலாம், லினக்ஸ் குடியிருக்கும் வட்டுப் பகுதியான ரூட் பார்ட்டிஷனைப் பெரிதாக்கலாம், அல்லது கனமான தரவை இன்னொரு வட்டுக்கு மாற்றலாம். எவ்வளவு ஜிபி கிடைக்கும் என்பதை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிடுவது சரியாகாது என்பது என் எண்ணம். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எப்போதோ சேர்ந்த குப்பையா, தினமும் வளர்கிற ஒன்றா, உண்மையாகவே நமக்கு வேண்டிய தரவா என்பதே வழியைத் தீர்மானிக்கிறது. வளர்கிற ஒன்றைக் கண்டுபிடிக்காமல் பார்ட்டிஷனை விரித்தால் அதே சிக்கல் சில வாரங்கள் தள்ளிப்போகும், அவ்வளவே.

ஆகவே அளக்கும் கருவிகளிலிருந்து தொடங்க வேண்டும். டிஎஃப் என்ற கட்டளை, வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையிடமே கேட்டு மொத்தம் எவ்வளவு, மீதம் எவ்வளவு என்று சொல்கிறது. டியூ கட்டளை ஒவ்வோர் அடைவாக (கோப்புறையாக) நுழைந்து கோப்புகளைக் கூட்டிச் சொல்கிறது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வேறுபாடே ஒரு துப்பு. பின்னணியில் ஓடும் ஒரு சேவை திறந்து வைத்திருக்கும் 30 ஜிபி பதிவுக் கோப்பை (நடப்பவற்றைக் குறித்து வைக்கும் லாக் கோப்பை) ஆர்எம் கட்டளை கொண்டு அழித்தால் டியூவின் கணக்கிலிருந்து அது உடனே மறைந்துவிடும். டிஎஃப் காட்டும் எண்ணோ அசையாது, ஏனென்றால் அந்தச் சேவை கோப்பை மூடும்வரை லினக்ஸின் மையமான கெர்னல் இடத்தை விடுவிப்பதில்லை. எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 என்ற விருப்பத்தோடு இயக்கினால், பெயர் அழிந்தும் இடத்தை விடாத இத்தகைய கோப்புகள் வரிசையாகத் தெரியும். உரிய சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும். பல ஜிபி மீதம் காட்டும்போதே இடமில்லை என்று பிழை வருமானால் ஐநோடுகளின், அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் குறிப்பேட்டு இடங்களின், கணக்கைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் ஐநோடுகளின் எண்ணிக்கை, வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று என்ற விகிதத்தில், வட்டை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. லட்சக்கணக்கான சின்னஞ்சிறு செஷன் கோப்புகள் சேர்ந்தால் அது தீர்ந்துபோகும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு முறைமை ஐநோடுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை அரிது.

குற்றவாளியைத் தேட க்னோம் திரைச்சூழலின் பாவோபாப் என்ற செயலி அழகான வட்ட வரைபடம் காட்டுகிறது. ஆனால் அது பயனரின் அனுமதியில் ஓடுவதால், முழு அதிகாரம் உள்ள ரூட் பயனருக்கு மட்டும் திறக்கும் /வார்/லிப்/டாக்கர் போன்ற அடைவுகளின் உள்ளே அதனால் பார்க்க முடியாது. முனையத்தில் ஓடும் என்சிடியூவை, ரூட் அதிகாரம் தரும் சூடோவுடனும், வேறு வட்டுகளுக்குள் போகாதபடி தடுக்கும் -எக்ஸ் விருப்பத்துடனும் ஓட்டுவதையே நான் விரும்புகிறேன்; தொலைவிலிருந்து இணையும் எஸ்எஸ்எச் வழியாகவும் அது ஓடும். ஒரே குறை, வட்டு முழுதும் நிரம்பிய பிறகு அதை நிறுவவே இடம் இருக்காது. அப்போது எந்த லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கிற டியூதான் கைகொடுக்கும். வட்டு நிரம்பியதால், கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவுத் திரைக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்பவர்கள் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி, எழுத்து முனையத்தில் நுழைந்து வேலையைத் தொடங்கலாம்.

நீக்கும் வழியில் பலரும் முதலில் செய்வது, மென்பொருள் பொதிகளை நிறுவும் ஏபிடியின் கிளீன் கட்டளை. பொதிகளின் தற்காலிகப் பிரதிகள் மட்டுமே போகும் என்பதால் அதில் ஆபத்து ஏதும் இல்லை. பலனும் பெரும்பாலும் சிறிது. அடுத்ததாகப் பழி சுமப்பது சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னல். அது இயல்பாகவே கோப்பு முறைமையில் 10 சதவீதத்தையோ 4 ஜிபியையோ, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டாது. அதனால் 60 ஜிபி காணாமற்போன கணினியில் ஜர்னலைச் சுருக்குவது வீண்வேலை. பழைய பாணியில் எழுதப்படும் /வார்/லாக்/சிஸ்லாக் கோப்புக்கு அப்படியொரு உச்சவரம்பு இல்லை. சில மடிக்கணினிகளில் வைஃபை அட்டையோ எஸ்எஸ்டியோ அனுப்பும் பிசிஐஇ இணைப்புப் பிழைச்செய்திகள், திருத்தப்பட்டுவிட்டது என்ற குறிப்போடு வினாடிக்குப் பல முறை அதில் பதிவாகி, கோப்பைப் பல்லாயிரம் எம்பிக்கு ஊதிவிடுகின்றன. கோப்பைக் காலி செய்தாலும் மறுநாள் மறுபடி நிரம்பும். பயாஸைப் புதுப்பிப்பதோ, கெர்னலின் தொடக்க வரியில் பிசிஐ=நோஏஇஆர் என்று சேர்ப்பதோ பெரும்பாலும் அதை நிறுத்தும்; பின்னது பிழையைத் தீர்ப்பதில்லை, பதிவை மட்டும் அடக்குகிறது என்பதை அறிந்தே செய்ய வேண்டும்.

செயலிகளைக் கன்டெய்னர் எனும் தனிப்பெட்டிகளில் ஓட்டும் டாக்கரை வைத்திருப்பவர்களுக்கு அதன் சிஸ்டம் டிஎஃப் கட்டளை நிலவரத்தைச் சொல்லிவிடும். சிஸ்டம் ப்ரூன், நின்றுபோன கன்டெய்னர்களையும் பெயரற்ற இமேஜ்களையும் (கன்டெய்னர்களின் மூல அச்சுகளையும்) நீக்கும். -ஏ சேர்த்தால் எந்தக் கன்டெய்னரும் பயன்படுத்தாத இமேஜ்கள் அனைத்தும் போகும், பொதுவாக மீண்டும் தரவிறக்கிக்கொள்ளலாம். கன்டெய்னர்களின் தரவைத் தாங்கும் வால்யூம்களையும் நீக்கச் சொல்லும் விருப்பம் வேறு வகை: தரவுத்தளம் குடியிருப்பது பெரும்பாலும் அங்கேதான். ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரின் பதிவுக் கோப்பை ப்ரூன் தொடாது என்பதும், வழக்கமான ஜேசன் கோப்புப் பதிவுக்கு டாக்கர் தானாக எந்த வரம்பும் வைப்பதில்லை என்பதும் பலருக்குத் தாமதமாகவே தெரிகிறது. அளவுக்கு வரம்பு வைக்கும் மேக்ஸ்-சைஸ் அமைப்பைப் போட்டாலும் அது புதிதாக உருவாக்கும் கன்டெய்னர்களுக்கே பொருந்தும்.

எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் முடித்துத் தரும் துப்புரவுச் செயலியான பிளீச்பிட்டை உலாவியின் தற்காலிகக் கோப்புகளுக்கு ஏற்றுக்கொள்வேன். ரூட் அனுமதியோடு எல்லாக் கட்டங்களையும் டிக் செய்து ஓட்டுவதை ஏற்கமாட்டேன். காலி இடத்தைத் துடைக்கும் அதன் விருப்பம், வேலை முடியும்வரை இருக்கிற கொஞ்ச இடத்தையும் நிரப்பிவிடும்! லினக்ஸ் மின்ட் பயனர்கள் கணினியின் நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்டைக் கவனிக்க வேண்டும்: கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் முறையில் அதே வட்டில் சேமித்த பழைய ஸ்னாப்ஷாட்டுகள், நாம் நீக்கிய கோப்புகளின் தனிப் பிரதிகளை வைத்துக்கொண்டு இடம் பிடித்திருக்கும். பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில், நீக்கிய கோப்பின் இடத்தையே ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும். அங்கே ஸ்னாப்ஷாட் போகாமல் இடம் வராது.

விரிவாக்கம் எங்கே எளிது, எங்கே கடினம் என்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. உபுண்டு சர்வரை, வட்டின் இடத்தைப் பின்னரும் பங்கிட உதவும் எல்விஎம்முடன் நிறுவியவர்கள் நீக்கும் வேலையைத் தொடங்கும் முன்பே ஒதுக்காத இடத்தைக் காட்டும் விஜிஎஸ் கட்டளையைப் பார்ப்பது நல்லது. 100 ஜிபி வட்டில் நிறுவி ஒவ்வொரு திரையிலும் அப்படியே அடுத்ததற்குப் போயிருந்தால், நிறுவி பாதியை மட்டுமே ரூட்டுக்குக் கொடுத்து மீதியை யாருக்கும் ஒதுக்காமல் விட்டிருக்கும். எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையை -ஆர் விருப்பத்தோடு கொடுத்தால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில வினாடிகளில் அந்த இடம் சேர்ந்துவிடும். கிளவுட் சர்வரிலும் ஏறக்குறைய இதே எளிமைதான்: வட்டின் அளவைக் கூட்டிவிட்டு பார்ட்டிஷனை விரிக்கும் குரோபார்ட், கோப்பு முறைமையை விரிக்கும் ரீசைஸ்2எஃப்எஸ் இரண்டையும் ஓட்ட வேண்டும்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மடிக்கணினியில் நிலைமை தலைகீழ். விண்டோஸைச் சுருக்கி எடுத்த காலி இடம் பெரும்பாலும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு முன்பக்கம் அமைகிறது. அதைச் சேர்க்க வேண்டுமானால் பார்ட்டிஷனின் தொடக்கத்தையே நகர்த்த வேண்டும், அதாவது உள்ளே இருக்கும் தரவு முழுவதும் இடம்பெயர வேண்டும். யுஎஸ்பியிலிருந்து பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டட்டை இயக்கி இதைச் செய்ய முடியும், ஆனால் மணிக்கணக்கில் ஆகலாம்; நடுவில் கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் தரவு போய்விடக்கூடும். காப்புப் பிரதி இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. எக்ஸ்எஃப்எஸ் பார்ட்டிஷனைச் சுருக்கவும் முடியாது என்பதால், பக்கத்துப் பார்ட்டிஷனிலிருந்து இடம் எடுக்கும் திட்டம் அங்கே தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

இத்தகைய கணினியில், இடத்தைத் தின்பது நம் சொந்தப் படங்களும் வீடியோக்களுமாக இருந்தால், விரிப்பதைவிட பயனரின் கோப்புகள் இருக்கும் /ஹோம் முழுவதையும் இரண்டாவது வட்டுக்கு மாற்றுவதே மேல் என்பேன். புதிய வட்டை எக்ஸ்ட்4 ஆக வடிவமைத்து, ஆர்சிங்க் கொண்டு அனுமதிகளோடு நகலெடுத்து, எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், வட்டின் தனி அடையாளமான யுயுஐடி எண்ணால் குறிப்பிட வேண்டும். ஒரு கோப்புறையை மட்டும் சிம்லிங்க் (வேறிடத்தைச் சுட்டும் இணைப்பு) வைத்து வெளியே தள்ளுவது சுலபமாகத் தெரிந்தாலும், கட்டுப்பாட்டுக்குள் ஓடும் ஸ்னாப் வகைச் செயலிகள் தங்களுக்கு அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே போக முடியாததால் அங்கங்கே முரண்டு பிடிக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமை கொண்ட வட்டில் /ஹோமை வைக்கவே வேண்டாம். மாற்றிய பிறகு பழைய கோப்புகள் அதே இடத்தில் இணைத்த புதிய வட்டின் (மவுன்ட்டின்) அடியில் மறைந்து கிடக்கும். டியூவுக்கும் தெரியாமல் இடத்தைப் பிடித்திருக்கும் அவற்றை, புதியது சரியாக இயங்குவதை உறுதி செய்த பின் அன்மவுன்ட் செய்து நீக்க வேண்டும். புதிய வட்டு 1 டிபியாக இருந்தால், எக்ஸ்ட்4 ரூட்டுக்காக ஒதுக்கி வைக்கும் 5 சதவீதம், அதாவது ஏறத்தாழ 50 ஜிபி, அங்கே வீண். டியூன்2எஃப்எஸ் கொண்டு 1 சதவீதமாகக் குறைக்கலாம். ரூட் பார்ட்டிஷனில் அதைத் தொட வேண்டாம், நெருக்கடியில் கணினி மூச்சுவிடுவது அந்த ஒதுக்கீட்டால்தான்.

நிரம்பியது கெர்னல்கள் இருக்கும் தனியான சிறு /பூட் பார்ட்டிஷன் என்றால் வழி பெரும்பாலும் ஒன்றே: பழைய கெர்னல்களை ஏபிடி ஆட்டோரிமூவ் கொண்டு நீக்குவது. ஏபிடியே பாதியில் சிக்கி நின்றிருந்தால், இப்போது ஓடும் கெர்னலின் எண்ணை யுநேம் -ஆர் மூலம் உறுதி செய்துகொண்டு, மிகப் பழைய பதிப்பின், கணினி தொடங்க உதவும் இனிட்ஆர்டி கோப்பு ஒன்றை அழிக்காமல் வேறிடத்துக்கு நகர்த்தினால் ஏபிடி நிறுவலை முடிக்க இடம் கிடைக்கும். அது முடிந்ததும் பழைய கெர்னல்களை ஏபிடியே முறையாக நீக்கிவிடும்.