‘க்ரையோ’ கேபிள் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று இரவுதான் அந்தக் கடைக்காரரிடம் கடைசியாகப் பேசினேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கோர்வையாக எழுத வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது என் மூன்று மாதச் சம்பளம். அதற்குக் கிடைத்தது ஒரு ஜோடி ஸ்பீக்கர் கேபிள், ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு ஃபியூஸ். கூடவே என் பழைய இணைப்புக் கேபிளையும் ‘ட்ரீட்மென்ட்’ செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எல்லாமே க்ரையோ. அதாவது திரவ நைட்ரஜனில் -196 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைத்து, மெதுவாகப் பழைய வெப்பநிலைக்குக் கொண்டுவருவது. இப்படிச் செய்தால் செம்பின் படிக அமைப்பு சீராகி, பாட்டில் ஒரு திரை விலகியது போலக் கேட்கும் என்றார்கள்.

கடையின் பெயரைச் சொல்லவில்லை. விலையுயர்ந்த ஆடியோ சாதனங்கள் மட்டும் விற்கும் கடை, கேட்டுப் பார்க்கத் தனி அறை உண்டு. அவ்வளவு போதும்.

நான் நம்பியது எந்த நொடியில் என்று நன்றாக நினைவிருக்கிறது. முக்கால் மணி நேரம் அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்குப் பிடித்த குரல்கள், என் அறையின் அளவு என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “சார், என்னை நம்ப வேண்டாம். வெட்டுக் கருவி செய்கிற எஃகை இப்படித்தான் குளிர வைக்கிறார்கள், நீங்களே தேடிப் பாருங்கள்” என்றார். அங்கேயே போனில் தேடினேன். உண்மைதான்! தேடிப் பார்க்கச் சொல்லும் மனிதர் பொய் சொல்ல மாட்டார் என்று மனசு சொல்லிவிட்டது. அப்புறம் சாதாரணக் கேபிளில் ஒரு பாட்டு, க்ரையோ கேபிளில் அதே பாட்டு. இரண்டாவது தெளிவாகக் கேட்டது. அன்றே பணத்தைக் கட்டினேன்.

கேபிளை மாற்றும்போது அவர் சத்தத்தை முழுக்கக் குறைத்தார், பிறகு கையாலேயே ஏற்றினார். முன்பு இருந்த அளவுக்கே ஏற்றினாரா? தெரியாது, நான் கவனிக்கவில்லை. ஒரு டெசிபெல் கூடினால்கூடக் காதுக்கு அது ‘சத்தம் அதிகம்’ என்று படாது, ‘தெளிவு அதிகம்’ என்றுதான் படும். இதைப் பணம் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எஃகு கதையும் அப்படித்தான். கடினப்படுத்திய எஃகில் ஆஸ்டெனைட் என்ற அமைப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். கடுங்குளிரில் அது மார்ட்டென்சைட்டாக மாறும், கருவி தேய்மானத்தைத் தாங்கும். செம்பில் அப்படி மாறுவதற்கு எதுவுமே இல்லை. எவ்வளவு குளிர்ந்தாலும் அதன் படிக அமைப்பு அதேதான். குளிர்ந்திருக்கும்போது செம்பின் மின்தடை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைவது நிஜம். ஆனால் அறை வெப்பத்துக்கு வந்ததும் அதுவும் திரும்பிவிடும்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 3 மீட்டர் நீளம். போக வர மொத்தத் தடை சுமார் 40 மில்லி ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். அந்தத் தடை முழுவதையும் ஒரு மந்திரம் போட்டு இல்லாமல் ஆக்கினாலும் சத்தத்தில் வரும் மாற்றம் 0.04 டெசிபெல்தான். யார் காதுக்கும் எட்டாது. இந்த 0.04-க்குத்தான் மூன்று மாதச் சம்பளம்.

வீட்டில் மாட்டியதும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. போன் செய்தேன். “400 மணி நேரம் ஓடணும் சார், அப்பதான் கேபிள் பழகும்” என்றார். நம்பி ஓடவிட்டேன். திருப்பிக் கொடுக்க அவர்கள் தரும் அவகாசம் 14 நாள். இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடவிட்டாலும் 14 நாளில் 336 மணி நேரம்தான் ஆகும்! இந்தக் கணக்கு தெரிந்துதான் 400 என்று சொல்கிறார்கள் என்று இப்போது நம்புகிறேன். அவகாசம் முடிந்த பிறகு பதில்கள் மாறின. முதலில் என் ஆம்ப்ளிஃபயருக்கு நுட்பம் போதாது என்றார். அடுத்த முறை ஃபியூஸைத் திருப்பிப் போடச் சொன்னார், அதில் அம்புக்குறி இருக்கிறதாம். மின் இணைப்பில் வருவது மாறுதிசை மின்னோட்டம், நொடிக்கு 100 அல்லது 120 முறை திசை மாறுவது. அதில் எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின்? மூன்றாவது முறை, கேட்கும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை என்றார். இருபது வருடமாகப் பாட்டு கேட்பவனிடம் சொன்ன பேச்சு இது.

எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர் ஒருவர் வந்தார். இரண்டு கேபிளிலும் ஸ்பீக்கர் முனையில் மின்னழுத்தம் அளந்து சத்தத்தைச் சமமாக்கினார். பிறகு எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி மாட்டி, எது எது என்று என்னைச் சொல்லச் சொன்னார். 16 முறை. 7 சரி. நாணயம் சுண்டியிருந்தாலே 8 வந்திருக்கும். 12-க்கு மேல் வந்திருந்தால் வித்தியாசம் கேட்கிறது என்று நானே ஒப்புக்கொண்டிருப்பேன்.

இதையெல்லாம்விட வயிற்றெரிச்சல் என் பழைய கேபிள்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது பிளக் ஓரத்தில் பிளாஸ்டிக் உறை விண்டிருந்தது. அந்தக் குளிரில் பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி நொறுங்கும், கொஞ்சம் வளைத்தால் போதும். கேட்டதற்கு, “முன்னாடியே விரிசல் இருந்திருக்கும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். புதிய கேபிள் நைட்ரஜனைப் பார்த்ததா என்பதே எனக்குத் தெரியாது. பார்த்த கேபிளும் பார்க்காத கேபிளும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். எதைக் காட்டி நான் நிரூபிப்பது?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாக இவ்வளவு மட்டும். சத்தத்தை அளந்து சமமாக்காத டெமோவை நம்பாதீர்கள். எது ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு கேட்காதீர்கள், வேறொருவர் மறைத்து மாற்றட்டும். ‘இத்தனை மணி நேரம் ஓடணும்’ என்றால், திருப்பிக் கொடுக்கும் அவகாசத்தை அதைவிட நீளமாக எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நல்லபடி ஓடும் பொருளை ட்ரீட்மென்டுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மூன்று மாதச் சம்பளம். நேற்று கடைசியாக, பாதியாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். அதே கேபிளுக்கு இன்னும் ஒரு முறை ட்ரீட்மென்ட் செய்தால் சரியாகிவிடும், கட்டணத்தில் தள்ளுபடி தருகிறேன் என்றார்.