5 சதவீதம் என்று விற்ற கார்டு, கையில் தந்தது 2

இந்தக் கிரெடிட் கார்டை 2 வருடமாக வைத்திருக்கிறேன். வங்கியின் பெயர் இங்கே தேவையில்லை, இதே அமைப்பில் பல வங்கிகள் கார்டு தருகின்றன: மளிகைக்கும் எரிபொருளுக்கும் செலவில் 5 சதவீதம் பாயிண்டாகத் திரும்ப வரும், மற்ற செலவுக்கு 1 சதவீதம், அந்த 5 சதவீதத்துக்கு மாதத்துக்கு ஓர் உச்சவரம்பு, அப்புறம் ஆண்டுக் கட்டணம். வீட்டுச் செலவு முழுவதையும் இதில் போட்டால் நல்ல தொகை திரும்ப வரும் என்று நம்பித்தான் வாங்கினேன். வந்தது, ஆனால் நினைத்த அளவு இல்லை.

முதல் 3 மாதம் எனக்கு எதுவும் புரியவில்லை. மாதச் சாமான்கள் எல்லாவற்றையும் ஒரே பெரிய கடையில் வாங்குகிறேன், அதற்கு 5 சதவீதம் வரவேண்டும், வந்ததோ 1 சதவீதம். ஸ்டேட்மென்டில் மொத்த பாயிண்ட் மட்டும்தான் இருக்கும், எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு கடை கார்டில் பணம் வாங்கத் தொடங்கும்போதே, அது எந்த வகைக் கடை என்று காட்டும் 4 இலக்க எண் ஒன்றை ஒதுக்கிவிடுகிறார்கள், எம்.சி.சி. என்பார்கள். மளிகைக் கடையும் சூப்பர் மார்க்கெட்டும் 5411, உணவகம் 5812, துரித உணவு 5814, பெட்ரோல் பங்க் 5541, நாமே கார்டு போட்டு நிரப்பிக்கொள்ளும் பம்ப் 5542. நான் போன கடையின் எண் 5311, அதாவது டிபார்ட்மென்ட் ஸ்டோர். பையில் இருந்தது முழுக்க மளிகைச் சாமான், ஆனால் வங்கி பார்ப்பது பையை அல்ல, அந்த எண்ணை. இதை விண்ணப்பம் தரும் நாளிலேயே ஒருவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, விதிமுறைப் பக்கத்தில் எங்கோ ஒரு வரியாக இருந்தது. இந்தக் கார்டில் எனக்குப் பெரிய குறை இதுதான்.

அதன் பிறகு புதிதாக ஒரு கடைக்குப் போனால் முதலில் சின்னதாக ஏதாவது வாங்கிப் பார்க்கிறேன். பாயிண்ட் ஏறியதும் கணக்குப் போட்டால் அந்தக் கடை எந்த வகையில் விழுகிறது என்று தெரிந்துவிடும். இதில் ஒரு நுணுக்கம்: என் கார்டு முழு நூறுகளுக்குத்தான் பாயிண்ட் தருகிறது, 190-க்கு வாங்கினாலும் 100-க்கான பாயிண்ட்தான். அதனால் சில்லறையாகப் பத்துத் தடவை வாங்குவதைவிடச் சேர்த்து ஒரே பில்லாகப் போடுவது மேல்.

சரி, கணக்குக்கு வருவோம். என் மாதச் செலவு 100 பங்கு என்றால் அதில் 40 பங்கு மளிகையும் எரிபொருளும். விளம்பரப்படி 40-க்கு 2, மீதி 60-க்கு 0.6, மொத்தம் 2.6 வரவேண்டும். அந்த 40-இல் 10 பங்கு தவறான எண்ணுள்ள கடையில் போனது. வாடகை, செல்போன் வாலட்டில் பணம் ஏற்றுவது போன்ற 20 பங்குக்கு ஒன்றுமே இல்லை. ஆக 30-க்கு 1.5, அந்த 10-உம் மீதி 40-உம் சேர்ந்த 50-க்கு 0.5, மொத்தம் 2. வாலட்டுக்கு ஏன் தருவதில்லை என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. கார்டில் பணம் வாங்குவதற்குக் கடைக்காரர் கட்டும் கட்டணத்தில் கார்டு தந்த வங்கிக்கு ஒரு பங்கு போகிறது, நமக்கு வரும் வெகுமதியில் பெரும்பகுதி அங்கிருந்துதான். அந்தப் பங்கு குறைவாக உள்ள இடங்களில் வங்கி கையை இழுத்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் தனிநபர் கிரெடிட் கார்டுகளுக்கு அந்தப் பங்கை 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டிவிட்டது, அங்கே 5 சதவீதக் கார்டைத் தேடினால் கிடைப்பது ஏன் கஷ்டம் என்று இதிலிருந்தே புரியும்.

பிறகு நான் செய்த ஒரே நல்ல மாற்றம், எல்லாவற்றுக்கும் சமமாக 2 சதவீதம் தரும், ஆண்டுக் கட்டணமில்லாத இன்னொரு கார்டைச் சேர்த்துக்கொண்டது. 5 சதவீதம் உறுதியாக விழும் 30 பங்கு இதில், அந்த 50 பங்கு அதில். மொத்தம் 2.5 ஆனது. உச்சவரம்பைத் தொட்டதும் மளிகையையும் அதற்கே மாற்றிவிடுகிறேன். மூன்றாவது கார்டு வேண்டாம் என்பது என் முடிவு, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டவேண்டிய தேதி இருக்கிறது, ஒன்று தவறினாலும் போச்சு. எனக்கே ஒரு முறை தவறியது. வருடத்துக்கு 30 சதவீத வட்டி என்றால் மாதத்துக்கு 2.5, நான் பாடுபட்டுச் சேர்த்த அதே 2.5. அதோடு நிற்காது, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினாலும் இதே கதைதான். மாதாமாதம் பாக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து இந்த மாதிரிக் கார்டு எதையும் வாங்காதீர்கள், வட்டி குறைந்த கார்டாகப் பாருங்கள்.

பாயிண்டை மாற்றுவதில் என் அனுபவம் நல்லது. பில் தொகையில் கழித்துக்கொண்டால் முழு மதிப்பும் கிடைக்கிறது, 2 நாளில் ஏறிவிடுகிறது. பரிசுப் பொருள் பட்டியலைத் திறந்து பார்த்தேன், அதே பொருள் வெளியே விற்கும் விலையோடு ஒப்பிட்டால் பாயிண்டின் மதிப்பு நன்றாகக் குறைகிறது, அந்தப் பக்கம் போகவேண்டாம். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு வந்த பாயிண்டையும் எடுத்துவிடுவார்கள், அது நியாயம்தான்.

5-க்கு 3 மதிப்பெண் தருகிறேன். ஆண்டுக் கட்டணம் வரும் மாதத்துக்கு முன்பே அழைத்து, கார்டை மூடலாம் என்று யோசிக்கிறேன் என்று உள்ளபடியே சொன்னேன், போன வருடக் கட்டணத்தை ரத்து செய்தார்கள். இந்த முறையும் அடுத்த வாரம் அழைக்கப்போகிறேன். மறுத்தால் பாயிண்டை எல்லாம் பில்லில் கழித்துவிட்டு மூடிவிடுவேன்.