சேம்பருக்குள் துரு வந்த பிறகு: ஒரு பராமரிப்புச் சேவையுடன் ஓராண்டு

ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாகங்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் ஹ்யூமிடிட்டி சேம்பர்கள் (வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்திப் பொருள்களைச் சோதிக்கும் பெட்டிகள்) என் பொறுப்பில் இருக்கின்றன. வாகனங்களுக்கான மின்னணுப் பலகைகளை 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் வைத்திருக்கும் சோதனையே எங்களுக்கு அதிகம் வருகிறது. ஒரு சோதனை தொடங்கினால் ஏறக்குறைய ஆறு வாரம் சேம்பரின் உட்புறம் ஈர வெக்கையிலேயே கிடக்கும். சென்ற ஆண்டு இந்தச் சேம்பர்களின் ஏ.எம்.சி.யை (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை) சென்னைப் புறநகரில் இயங்கும் ஒரு சிறிய சேவை நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். இந்த ஓராண்டில் அவர்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் இருந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, கம்பி நாரால் உட்சுவரைத் தேய்த்து, ரப்பர் கேஸ்கட்டில் படிந்த கரும்பூஞ்சைக்குப் பிளீச்சிங் கரைசல் போட்டுத் துடைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்குச் சேம்பர் கண்ணாடி போல் பளபளக்கும். நாங்களும் திருப்தியோடு ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டு அனுப்புவோம். இரண்டே மாதத்தில் தண்ணீர் வடியும் டிரெயின் துளையைச் சுற்றிக் கடுகளவில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றின. துடைத்தால் போயின, மறுவாரம் அதே இடத்தில் திரும்பி வந்தன.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது நம் வீட்டு அடுக்களையில் வளர்ந்த நம்பிக்கை. எங்கள் சேம்பரின் உட்புறம் 304 ரகம்: சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்தது. அந்தக் குரோமியம் காற்றுடன் சேர்ந்து மேற்பரப்பில் உருவாக்கும், சில நானோமீட்டர் மட்டுமே தடித்த ஆக்சைடு படலம்தான் உலோகத்தைக் காக்கிறது. குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே உடைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்த வேலை வேகமெடுக்கும். பிளீச்சிங் கரைசல் விட்டுச்சென்றதும் குளோரைடுதான். கம்பி நாரோ நுண்ணிய இரும்புத் துகள்களைப் பரப்பில் பதித்து, அங்கே துருவுக்கு விதை போட்டுவிட்டது. சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில் எங்கள் கண்முன்னே எங்கள் சேம்பரை அரிக்கவிட்டோம் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

புதிய நிறுவனத்தின் பொறியாளர் முதல் நாள் துடைக்கத் தொடங்கவில்லை. சேம்பரை அணைத்து ஆறவிட்டு, பின்சுவரின் காற்றுத் தடுப்புத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, ஒரு வெள்ளைத் துணியால் எவாபரேட்டர் காயிலின் (குளிரூட்டும் செம்புக் குழாய்ச் சுருளின்) கீழ் விளிம்பை ஒற்றி எடுத்தார். துணியில் பச்சையும் பழுப்பும் கலந்த கறை. செம்புக் குழாய் அரிக்கத் தொடங்கிவிட்டது என்றார். அடுத்து, ஈரப்பதத் தண்ணீர்த் தொட்டியில், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டரை விட்டார்: சென்டிமீட்டருக்கு 180 மைக்ரோசீமன்ஸ். எங்கள் கையேடு அனுமதிப்பது 20 வரை. “சார், இதுல என்ன தண்ணி ஊத்துறீங்க?” என்று அவர் கேட்டபோது, டி.எம். தண்ணீர் (உப்புகள் நீக்கிய நீர்) என்று நான் உறுதியாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் தம்பிதான் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார்: இரவு ஷிப்டில் டி.எம். டிரம் காலியானால் குடிக்க வைத்திருக்கும் கேன் தண்ணீரை ஊற்றிவிடுவார்களாம். குடிப்பதற்கு நல்ல தண்ணீர்தான். ஆனால் அதில் கரைந்திருக்கும் உப்புகள் கொதிகலனில் தங்கிச் செறிவாகி, கொதிக்கும்போது தெறிக்கும் நுண்துளிகளோடு சேம்பருக்குள் போய்ப் படிகின்றன. இந்த ஒரு கேள்விக்காகவே அந்த ஒப்பந்தத் தொகையைக் கொடுக்கலாம் என்று எனக்கு அன்றே தோன்றியது.

சுத்தம் செய்த முறையும் வேறாக இருந்தது. வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்புக் கரைசல், மைக்ரோஃபைபர் துணி, தகட்டின் வரியோட்டத்திலேயே துடைப்பு, பிறகு டி.எம். தண்ணீரால் இருமுறை அலசி உடனே உலர்த்தல், அவ்வளவுதான். ஹீட்டரில் படிந்திருந்த வெள்ளைப் படிவைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து நீக்கினார்கள்; கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டைச் சேம்பர் இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். ஈரப்பதத்தை அளக்கும் ஈரக் குமிழ் உணரியின் பருத்தித் திரி மஞ்சளாகி விறைத்திருந்ததையும் காட்டினார்கள். திரி நீரை உறிஞ்சாவிட்டால் திரையில் ஈரப்பதம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். கட்டுப்பாட்டுக் கருவி அதை நம்பி நீராவியைக் குறைக்கும். வாடிக்கையாளரின் பொருள் 85 சதவீதத்தைப் பார்க்காமலேயே தேறிவிடும். துருவை மட்டும் எண்ணிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய எச்சரிக்கையாக இருந்தது.

உள்ளே என்ன வைக்கிறோம் என்பதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. வினிகர் வாடை வீசும் சிலிக்கான் பசை முழுதாகக் காயாத சாம்பிள்கள் அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அது செம்புக் காயிலுக்கு ஆகாது. உப்புத் தெளிப்புச் சோதனை முடிந்த பாகங்களைக் கழுவாமல் நேரே ஹ்யூமிடிட்டி சேம்பருக்கு மாற்றும் பழக்கம் எங்களிடம் இருந்தது. அதை அன்றோடு நிறுத்தினோம். சாதாரண இரும்பில் செய்த பிடிமானங்களையும் மாற்றிவிட்டோம். சோதனை முடிந்ததும் சேம்பரை அப்படியே அணைத்துவிடாமல், ஈரப்பதத்தை நிறுத்தி 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, ஆறிய பின் கதவைச் சற்றுத் திறந்துவைக்கிறோம். தரையில் நீர் தேங்குவது இதனால் நின்றது. டிரெயின் அருகே பழைய குழிகள் மூன்று இன்னும் இருக்கின்றன; அவற்றை மெருகேற்றிப் பாசிவேஷன் (காக்கும் ஆக்சைடு படலத்தை மீண்டும் உருவாக்கும் முறை) செய்தார்கள். இந்த ஓராண்டில் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.

குறைகள் உண்டு. அவசர அழைப்புக்கு 24 மணி நேரத்தில் வருவோம் என்றவர்கள், ஜூன் மாதத்தில் ஒருமுறை மூன்றாம் நாள்தான் வந்தார்கள். அதனால் ஒரு சோதனையை முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. வெளிப்புறக் கண்டென்சரின் தூசியை நாங்கள் கேட்ட பிறகே எடுத்தார்கள். கேஸ்கட், திரி போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது; அதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தொகையும் முந்தையவரைவிடக் கூடுதல்தான். ஆனால் ஒரு எவாபரேட்டர் காயிலை மாற்ற ஆகும் செலவையும், அதுவரை சேம்பர் நிற்கும் நாட்களையும் கணக்கிட்டால் அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டாம் ஆண்டுக்கு அவர்களிடமே புதுப்பிக்கிறோம். ஒவ்வொரு வருகையிலும் தொட்டித் தண்ணீரின் கண்டக்டிவிட்டி அளவையும், தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் எடுத்த புகைப்படத்தையும் ரிப்போர்ட்டில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பங்குக்கு, இரவு ஷிப்டுக்கென்று இரண்டாவது டி.எம். டிரம் ஒன்றை வாங்கிச் சேம்பருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம்.